அல்வாவுக்குள் வைத்த மாத்திரை

என் தம்பி கார்த்திகேசனுக்கு நான் எட்டாயிரத்து ஐநூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழாம் வருஷம் தை மாதம் வாங்கியது. இருபத்தாறு வருஷம் திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் இல்லாமல் அல்ல. இருந்தும் கொடுக்கவில்லை.

என்னைப் பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். தொழிற்பேட்டைக்குள் வந்து குற்றாலலிங்கம் லேத் எங்கே என்று கேட்டால், டீக்கடைக்காரர் கையைக் காட்டமாட்டார். கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஐந்து ஆட்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றுத் தண்ணீரை இறைக்கிற மோட்டார்களில் என் கை படாத ஷாஃப்ட் குறைவு. படித்த இன்ஜினீயர்கள் அளவுகோலை வைத்துக்கொண்டு முழிக்கிற இடத்தில், நான் நகத்தை ஓட்டிப் பார்த்து "இங்கன மயிரிழை தப்பு" என்பேன். அளந்து பார்த்தால் அங்கேதான் தப்பு இருக்கும். எங்கள் சங்க ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "யார் காசும் வாங்காமல், யார் தயவும் இல்லாமல், இந்த ரெண்டு கையால் முன்னுக்கு வந்தவன்" என்று பேசினேன். நல்ல கைதட்டல். மூன்றாவது வரிசையில் என் தம்பி உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான்.

என் முதல் லேத்துக்கு முன்பணம் அவன் கொடுத்தது.

அப்போது அவன் விக்கிரமசிங்கபுரத்தில் நூலாலை வேலையில் இருந்தான். நூலைக் கோனில் சுற்றுகிற பகுதி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஐம்பத்திரண்டு கிலோ எடை. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஷிஃப்ட் முடிந்ததும் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பி, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பான். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து, நூறும் ஐம்பதுமாக என் முன்னால் எண்ணி வைத்தான். "மெஷினை வாங்குண்ணே. ஓடுனப்புறம் குடு" என்றான்.

மெஷின் ஓடியது. அவன்தான் நின்றுவிட்டான்.

அந்த ஆடி மாதமே தொடங்கிவிட்டது. ஆலையில் நூல் அறுகிற ஒவ்வொரு தடவையும் யாரோ தன் பெயரைச் சொல்லி ஏசுவதாகச் சொன்னான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். ஒரு நாள் காணாமல் போய், இரண்டு நாள் கழித்துக் கல்லிடைக்குறிச்சியில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் களிமண்ணை உருட்டி அடைத்து வைத்திருந்தான். கோயில், கயிறு எல்லாம் பார்த்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மனச்சிதைவு என்றார்கள். அன்றைக்கு இருந்த டாக்டர் கேட்டார்: "குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநோய் உண்டா? சர்க்கரை உண்டா?"

"எங்க குடும்பத்துல யாருக்கும் எதுவும் கிடையாது சார். கல்லு மாதிரி உடம்பு" என்றேன். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

முதல் சில வருஷங்கள் தம்பி மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பின்கட்டில் போய்த் துப்புவான். மாத்திரை இறங்காவிட்டால் மறுபடி கால்வாய்க் கரைதான். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உரலும், சுண்டுவிரல் அளவில் ஒரு உலக்கையும் கடைந்தேன். கடையில் விற்கிற சாமான் அதன் பக்கத்தில் நிற்காது. சாயங்காலம் பட்டறையை அடைத்துவிட்டு வந்ததும் மாத்திரையை அதில் போட்டு மாவாக இடிப்பேன். டவுனிலிருந்து வாங்கி வந்த அல்வாவில் உள்ளங்கையளவு எடுத்து, நடுவில் பள்ளம் பண்ணி, பொடியை வைத்து மூடிக் கொடுப்பேன். நெய் வழிகிற அல்வாவில் கசப்பு எங்கே தெரியப் போகிறது? தம்பி ஒரு வார்த்தை பேசாமல் தின்பான். குரல்கள் அடங்கின. பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான். லேத்தில் சீவி விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினான்.

பக்கத்து வெல்டிங் பட்டறை தேவதாசனிடம் இதைச் சொன்னபோது, "உம்ம மூளைக்கு நீரு டாக்டருக்குல்லா படிச்சிருக்கணும் வே" என்றார். அவர் கிண்டல்காரர். நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதம் பிறந்தால் ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பேன். கடைசி ஆள் வாங்கிப் போனதும் கார்த்திகேசன் எழுந்து வந்து நிற்பான்.

"அண்ணே, என் பணம்?"

"உனக்கு என்னலே செலவு? சோறு நான் போடுதேன். துணி நான் எடுக்கேன்."

"சரிண்ணே" என்று திரும்பிப் போய்விடுவான். ஆட்கள் சிரிப்பார்கள். 'அது அவன் பேசுறதில்ல, நோய் பேசுது' என்று நானே அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு கிலோ எழுபதானது, எண்பதானது, தொண்ணூற்று நாலானது. கன்னம் உப்பி, வயிறு தொங்கி, வேட்டி இடுப்பில் நிற்காமல் என் மனைவி ஆவுடைத்தாய் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நான் வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டினேன். மற்ற வீடுகளில் இந்த நோய்க்காரனைத் திண்டாட விட்டு எலும்பும் தோலுமாக அலைய விடுகிறார்கள். என் வீட்டில் பாருங்கள் என்பேன். தேவதாசன் மட்டும், "உம்ம தம்பி ஊதிக்கிட்டே போறாரு வே, காத்தைப் பைய எறக்கும்" என்பார். பொறாமை என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஐப்பசியில் ஆவுடைத்தாய் சொன்னாள்: "கொழுந்தனாரு கொடம் கொடமாத் தண்ணி குடிக்காவ. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வெளிய போறாவ. ஆளும் வாடுதாவ. என்னன்னு பாருங்க."

நான் பார்த்தேன். அவன் குழாயடியில் குனிந்து வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். நோய் தொடங்கின காலத்திலும் அப்படித்தான் நேரம் காலம் இல்லாமல் தண்ணீருக்குள் தலையை நீட்டிக்கொண்டிருப்பான். பழைய மனக்கோட்டி திரும்புகிறது என்று முடிவு பண்ணினேன். ஒரு மாத்திரை இடித்த உரலில் ஒன்றரை இடித்தேன். கசப்பு கூடுமே என்று அல்வாவையும் கூட்டினேன். டாக்டரைக் கேட்கவில்லை. எனக்கு யாரையும் கேட்டுப் பழக்கமில்லை.

எட்டாம் நாள் காலையில் பட்டறையில், துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே அவன் கீழே சரிந்தான். தேவதாசன்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது டெபோரா என்கிற டாக்டரம்மா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரை நானூற்று எண்பத்தாறு என்றார். ஊசி, குளுக்கோஸ் இல்லாத பாட்டில் எல்லாம் ஏற்றி முடித்து, தம்பி கண் திறந்த பிறகு, அவன் குதிகாலைத் தூக்கிக் காட்டினார். ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண். அது அங்கே இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தன வருசமா சர்க்கரை இருக்கு அண்ணாச்சி?"

"எங்க குடும்பத்துல யாருக்கும் எதுவும் கிடையாதும்மா. கல்லு மாதிரி..."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அடுத்தவர் முன்னால் அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தைக்குக் கால் வெரல் ரெண்ட எடுத்தாவளே, அது என்ன முள்ளு குத்துனதுக்கா? குமரகுருபர மாமா நெல்லு ரூமுக்குள்ள உக்காந்து செவத்தோட பேசிக்கிட்டே செத்தாவளே, அது என்ன?"

அம்மாவின் விரல்கள் போனதற்கு அம்மிக்கல் விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்லியிருந்தோம். தாய்மாமாவை யார் விசாரித்தாலும், "பூஜையில இருக்காவ, மௌன விரதம்" என்று சொல்லிவிடுவோம். பதினைந்து வருஷம் அவர் மௌன விரதம் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் அது அவசியமாக இருந்தது. நாளாக நாளாக எனக்கே அம்மிக்கல்தான் விழுந்தது என்று ஆகிவிட்டது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "நீங்க வெரலக் குடுங்க" என்று என் கையைப் பிடித்துக் குத்தினார். இருநூற்று அறுபத்தெட்டு.

"உங்க மெஷின்ல கோளாறும்மா. நான் மெஷின்காரன், எனக்குத் தெரியும்."

புதுப் பட்டையை மாட்டி அடுத்த விரலில் குத்தினார். இருநூற்று எழுபத்தொன்று. தேவதாசன் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். "மெஷின் நல்லாத்தான் வே இருக்கு" என்றார்.

தேவதாசன் போன பிறகு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன்.

"ஒரே ஒரு மரபணுவால வாரதில்ல அண்ணாச்சி. நூத்துக்கணக்குல இருக்கு, ஒவ்வொண்ணும் தூசி கணக்கா. சிலது மனநோய்ப் பக்கம் தள்ளும். சிலது சர்க்கரைப் பக்கம் தள்ளும். ரெண்டு பக்கமும் தள்ளுறதும் கொஞ்சம் இருக்குன்னு ஆராய்ச்சில சொல்லுதாங்க. இந்த நோய் உள்ளவங்கள்ல மாத்திரையே தொடாதவங்களுக்குக்கூடச் சர்க்கரை ஏறி இருக்கிறதப் பாத்திருக்காங்க. நோய் வராத அண்ணன் தம்பிக்கும் கூடுதலா வருது. அதுக்கு மேல இந்த மாத்திரை பசியக் கிளப்பும், எடையக் கூட்டும். எல்லாருக்கும் ஒண்ணு போல ஆகாது. ரத்தத்துல ஏற்கெனவே இருக்கவங்களுக்குச் சீக்கிரம் ஆகும்."

"அப்ப வந்தே தீரும்னு இருந்திருக்கு."

"அப்பிடி இல்ல. அம்மாவுக்கு இருந்துச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்திருப்பாங்க. வேற மாத்திரை யோசிச்சிருப்பாங்க. கால் புண்ணு வரைக்கும் வந்திருக்காது."

ஷாஃப்டில் பத்து இடத்தில் மயிரிழை மயிரிழையாகத் தப்பு இருந்தால், தனித்தனியே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேகம் கூடும்போது மொத்தமும் சேர்ந்து ஆடும். பேரிங்கைத் தின்றுவிடும். எனக்கு அது அப்படித்தான் புரிந்தது. ஒரே தாய் வயிற்றில் கடைந்த இரண்டு ஷாஃப்ட் நாங்கள். என்னுடையது மெதுவாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

"மாத்திரைய நிப்பாட்டிரலாமாம்மா?"

"நிப்பாட்டவே கூடாது. நிப்பாட்டுனா மனசு பழையபடி கலைஞ்சிரும். பைய வேற மாத்திரைக்கு மாத்துவோம். இப்ப எப்பிடிச் சாப்பிடுதாங்க, தானே போட்டுக்கிடுவாங்களா?"

சொன்னேன். பித்தளை உரல் கடைந்ததைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அல்வா என்ற இடத்துக்கு வந்ததும் உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்.

"தினமுமா?"

"தினமும்."

"எத்தன வருசம்?"

"பத்தொம்பது, இருபது இருக்கும்."

"மாத்திரை உள்ள இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியும்" என்றான் கார்த்திகேசன்.

நாங்கள் திரும்பினோம். அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "நீ இடிக்கும்போது வெண்கல மணி மாதிரி சத்தம் வரும்ணே. ரெண்டாம் நாளே தெரியும். கசப்பு தெரியாமலா இருக்கும்?"

"பின்ன ஏம்லே துப்பல? ஏம்லே சொல்லல?"

"நான் கேட்டது எதையும் நீ குடுக்கல. கேக்காமக் குடுத்தது அது ஒண்ணுதான். அதான் தின்னேன்."

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின், பஞ்சு, புது மாத்திரை, இன்சுலின் எல்லாம் ஒரு பையில் கொடுத்தார்கள். இனி ஒளிவு மறைவு கூடாது, அவரே கையில் வாங்கிச் சாப்பிட வேண்டும், தினமும் காலையில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் இது நடக்காது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் காலை நான் மெஷினோடு போய் உட்கார்ந்தேன். "கையக் குடுலே."

அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். "என் பணம்?"

"இந்த நேரத்துலயும் அதானா? இருபத்தாறு வருசம் சோறு போட்டிருக்கேன். கணக்குப் போட்டா எத்தன லட்சம் வரும் தெரியுமாலே?"

"சோறு கேட்டனா? பணம்தான கேட்டேன்."

மாத்திரையையும் வாங்கவில்லை. இன்சுலின் போட ஆவுடைத்தாயையும் கிட்டே விடவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், மெஷினோடு வந்த பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்திருந்தான். எனக்குக் கால்வாய்க் கரைக் களிமண் ஞாபகம் வந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் மனசும் போகும், உடம்பும் போகும். இந்தத் தடவை இரண்டில் ஒன்று கூட மிஞ்சாது.

அடுக்களையில் போய் பித்தளை உரலைத் தேடி எடுத்தேன். அல்வாதான் கூடாது, உப்புமாவில் வைக்கலாம் என்று மாத்திரையைப் போட்டு உலக்கையைத் தூக்கினேன். நான்கு இடி இடித்திருப்பேன்.

"அண்ணே" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இடிக்காத. கேக்கு."

பஞ்சுக்குள்ளும் கேட்டிருக்கிறது.

ஆவுடைத்தாய் என் கையிலிருந்து உலக்கையை வாங்கி வைத்தாள். "சால்வை போட்ட மவராசனுக்கு எட்டாயிரத்து ஐநூறு ரூவா எடுக்க வழியில்லாமப் போச்சோ?"

வழி இருந்தது. மேடையில் சொன்ன சொல்தான் குறுக்கே நின்றது. அவன் பணத்தை அவனிடம் கொடுத்துவிட்டால், யார் காசும் வாங்காதவன் என்பது பொய்யாகிவிடும். இருபத்தாறு வருஷமாக நான் அவனுக்கு மறுத்தது பணத்தை அல்ல, அவன் காசு என்கிற அந்த ஒரு வார்த்தையை. அதை நோய் பேசுது என்று சொல்லி மூடிவிட்டேன். அம்மாவின் விரல்களை அம்மிக்கல்லால் மூடியது போல.

அன்றைக்கே பாங்குக்குப் போய் ஒரு லட்சம் எடுத்து வந்தேன். தம்பியையும், சர்க்கரை மெஷினும் மாத்திரையும் இருந்த பையையும் ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கூட்டிப்போய், அந்த முதல் லேத்துக்குப் பக்கத்தில் அவன் முக்காலியில் உட்காரவைத்தேன். ஆட்டோ சத்தம் கேட்டுத் தேவதாசன் வந்து வாசலில் நின்றார். நான் பணக்கட்டை நீட்டினேன்.

"இது என்னது?"

"லட்ச ரூவாலே. வட்டியும் மொதலுமா. இந்தப் பேட்டையில எந்த அண்ணன் தருவான்?"

"நான் குடுத்தது எட்டாயிரத்து ஐநூறு. வட்டிக்குக் குடுக்கல. மெஷின் வாங்கக் குடுத்தேன்." காதிலிருந்து ஒரு பக்கப் பஞ்சை எடுத்துவிட்டு அவன் தேவதாசனைக் காட்டினான். "அவர்ட்ட சொல்லு."

பட்டறையில் ஐந்து ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"வே, தேவதாசன்" என்றேன். "இந்த மெஷினுக்கு முன்பணம் குடுத்தது இவன். இவன் காசுலதான் நான் ஆரம்பிச்சேன்."

தேவதாசன் உள்ளே வந்து லேத்தைத் தட்டிப் பார்த்தார். "அதான பாத்தேன். உம்ம மூணு மெஷின்ல இது ஒண்ணுதான் மக்கர் பண்ணாம ஓடுது" என்றார்.

கார்த்திகேசன் சிரித்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் பல் தெரிந்தது. மற்றக் காதுப் பஞ்சையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தானாக இடது கையை நீட்டினான்.

"மொதல்ல இது" என்று பையிலிருந்த சர்க்கரை மெஷினைக் காட்டினான்.

எங்கே குத்துவதென்று என் கைக்குத் தெரியவில்லை. மயிரிழைத் தப்பை நகத்தால் கண்டுபிடிக்கிற கை. ஆவுடைத்தாய் சொல்லிக் கொடுத்தபடி விரலோரத்தில் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. பிறகு அவன் என் கையை இழுத்து, அடுத்த ஊசியை மாட்டி என் விரலில் குத்தினான். அவன் அழுத்தம் சரியாக இருந்தது. இருநூற்று நாற்பது. இன்றைக்கும் அந்த முக்காலியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் குத்துவது; அதன் பிறகு கால்வாய்ப் பாதையில் நடக்கிறோம்.

மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன். இடிக்காத, முழு மாத்திரை. உள்ளங்கையில் வாங்கி, ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்து காட்டினான்.

கை மட்டும் மூடவில்லை. விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருக்க, உள்ளங்கை அப்படியே விரிந்து இருந்தது.

"எண்ணிக் குடு" என்றான்.

கட்டைப் பிரித்தேன். ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக எண்ணி, அந்தக் கையில் வைத்தேன். ஒன்று. இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் உதடும் கூடவே அசைந்தது. பதினைந்து. பதினாறு. பதினேழு. கை மூடியது.